இன்றைக்கு ஜன்னல் கிடையாது

கான்யோ துல்சே ஊரின் சான் எக்ஸ்பெதீத்தோ ஆஸ்பத்திரியில் பஞ்சு இருக்காது, ஊசி இருக்காது, மதியத்துக்கு மேல் மின்சாரமும் இருக்காது. ஆனால் இரண்டு வருஷமாக அங்கே தட்டுப்பாடே இல்லாமல் கிடைத்து வருவது ஆங்கிலம்.

அது வந்த கதை சின்னது. ஆஸ்பத்திரி இயக்குநர் டாக்டர் எரிபெர்த்தோ பிச்சார்தோ ஒரு மாநாட்டுக்காக மயாமி போயிருந்தார். ஓட்டல் வரவேற்பில் இருந்த பெண்ணிடம், தாம் திங்கட்கிழமை கிளம்புவதாகச் சொல்ல வேண்டியிருந்தது. 'ஆன் மண்டே' என்பதற்குப் பதிலாக 'இன் மண்டே' என்று சொல்லிவிட்டார். அந்தப் பெண் திருத்தக்கூட இல்லை, லேசாகச் சிரித்தாள். வேறு யாராவதாக இருந்தால் அறைக்குப் போய்த் தூங்கியிருப்பார்கள். நம் டாக்டர் அந்தச் சிரிப்பைப் பத்திரமாக ஊருக்கு எடுத்து வந்தார். மறுநாளே ஆஸ்பத்திரி முற்றத்தில் ஊழியர்களையும் நோயாளிகளையும் வெயிலில் நிற்க வைத்து ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"என் அன்பு மக்களே! நம் நாடு ஏன் பின்தங்கியிருக்கிறது? வறுமையாலா? இல்லை. ஊழலாலா? அதைப் பற்றி இப்போது பேச வேண்டாம். முன்னிடைச்சொல்லால்! ஒரு கிழமைக்கு முன்னால் எந்தச் சொல்லைப் போடுவது என்று தெரியாத ஜனங்களிடம் எந்த வெள்ளைக்காரன் வந்து இடுப்பெலும்பு மாற்றிக்கொள்வான்? இனி இந்த ஆஸ்பத்திரியில் நாள் கேட்பதும் கொடுப்பதும் ஆங்கிலத்தில். பிழையில்லாத ஆங்கிலத்தில். சர்வதேச முத்திரை கிடைக்கும்வரை நான் ஓயமாட்டேன்!"

எல்லோரும் கைதட்டினார்கள். குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் ஒரு கையால் தொடையைத் தட்டினார்கள்.

அப்படி உண்டானதுதான் முன்னிடைச்சொல் துறை. அதன் முதல் வேலை வாசலில் நின்ற புனித எக்ஸ்பெதீத்தோ சிலையை விசாரித்தது. அவசரக் காரியங்களுக்கான புனிதர் அவர். அவர் கையிலுள்ள சிலுவையில் 'இன்று' என்று எழுதியிருக்கும். காலடியில் 'நாளை' என்று கரையும் காக்கையை மிதித்துக்கொண்டிருப்பார். அதை ஆங்கிலத்தில் மாற்றி எழுதப் போனபோதுதான், 'டுடே' என்ற சொல்லுக்கு முன்னால் 'ஆன்' வராது, 'இன்' வராது, 'அட்' வராது என்பது துறைக்குத் தெரிய வந்தது. முன்னிடைச்சொல்லே இல்லாத ஒரு சொல்லைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒருவர் வாசலில் நிற்பது துறைக்கு அவமானம் என்று தீர்மானித்து, அவரை ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் தொமித்தீலா தன் புருஷன் லுதோவினோவைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். அவள் கடற்கரையில் யானிகேக்கே என்ற மாவு ரொட்டியைப் பொரித்து விற்பவள். வெள்ளைக்காரர்களிடம் பேச அவளுக்கு வேண்டிய ஆங்கிலம் 'குட்', 'ஹாட்', 'ஒன் டாலர்', அவ்வளவுதான். அதை வைத்தே இருபது வருஷம் குடும்பம் ஓட்டிவிட்டாள். லுதோவினோ தேங்காய் லாரியில் மூட்டை ஏற்றுபவன். ஏற்றி ஏற்றி, அடிவயிற்றில் ஒரு பக்கம் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்துக்கொண்டது. அது வெளியே வந்தால் உள்ளங்கையால் அழுத்தி, "போடா உள்ள, யாரு கூப்பிட்டா உன்னை?" என்பான். அதுவும் முணுமுணுக்காமல் போய்விடும். போன மாதத்திலிருந்து அது அவன் பேச்சைக் கேட்பது குறைந்துவிட்டது.

அறுவை டாக்டர் லந்தெஸ்தோய் தலைநகரிலிருந்து செவ்வாய்க்கிழமை மட்டும் வருவார். லுதோவினோவைப் படுக்க வைத்துப் பார்த்தவர், கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு ஸ்பானிஷில் மெதுவாகப் பேசினார்.

"அம்மா, இது குடலிறக்கம். இப்போதைக்குத் தள்ளினா உள்ள போகுது. ஒருநாள் போகாது. அன்னைக்குக் குடல் நெரிஞ்சு ரத்த ஓட்டம் நின்னுடும். அப்புறம் ஒரு நாள் தாங்கினாலே பெரிசு. சீக்கிரம் வெட்டித் தச்சுடணும். பெரிய வேலை இல்ல, ஒரு மணி நேரந்தான்."

"அப்ப இப்பவே செஞ்சிடுங்க டாக்டரய்யா."

"நான் செய்வேன். ஆனா நாள் நான் குடுக்க முடியாது. ஜன்னல்ல வாங்கிட்டு வாங்க."

ஜன்னல்கள் மூன்று இருந்தன. கூடத்தின் வாயிலில் காவலாளி வாஸ்கார் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

"என்ன வேணும்க்கா? நாளா, பொழுதா, மணியா?"

"ஆபரேஷன் வேணும் தம்பி."

"அது இங்க வர்ற எல்லாருக்குந்தான் வேணும். நாளா, பொழுதா, மணியா, அதச் சொல்லுங்க."

"செவ்வாக்கிழமை காலையில ஏழு மணிக்கு."

"அட ஆண்டவனே, மூணுமா? நாளுன்னா ஆன் ஜன்னல். காலையின்னா இன் ஜன்னல். மணின்னா அட் ஜன்னல். மூணு டோக்கனும் கையில வந்தாத்தான் டாக்டரு நாளு சொல்லுவாரு. தப்பாச் சொன்னீங்கன்னா பலகை சாத்திருவாங்க. மூக்க உள்ள நீட்டாதீங்க."

தொமித்தீலா ஆன் ஜன்னலில் நின்றாள். முறை வந்ததும் "தி ட்யூஸ்டே" என்றாள். ஸ்பானிஷில் கிழமைக்கு முன்னால் 'எல்' போடுவது நாக்கில் ஊறிய பழக்கம். அதைத்தான் அவள் மரியாதையாக ஆங்கிலத்துக்கு மாற்றிக் கொடுத்தாள். பலகை பட்டென்று விழுந்தது. மூக்குக்கு அரை விரல் தூரம்தான் இருந்தது.

திரும்ப வரிசையில் நின்று, பின்னாலிருந்தவர் சொல்லிக்கொடுத்தபடி "ஆன் ட்யூஸ்டே" என்று சொல்லி நீல டோக்கன் வாங்கினாள். இன் ஜன்னலுக்குப் போய் "இன் தி மார்னிங்" என்றாள். உள்ளே இருந்தவள் டோக்கனை நீட்டப் போனவள், நீலத்தைப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள்.

"கையில செவ்வா வச்சிருக்கீங்களா? அப்பன்னா இந்தக் காலை என்னோடது இல்ல. தனிக் காலைன்னா இன். செவ்வாக்கிழமைக் காலைன்னா ஆன். அங்க போங்க."

ஆன் ஜன்னல்காரன் நீலத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தான். "காலைய இங்க கொண்டாறீங்க? காலை இன் ஜன்னலோடது. போங்க."

"ரெண்டு பொண்டாட்டிக்காரன் சோறு கேட்ட மாதிரி இருக்கு கிழவி" என்றான் லுதோவினோ, பெஞ்சில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டே. "அவ வீட்டுல தின்னுட்டேன்னு இவ நெனைப்பா. இவ வீட்டுல தின்னுட்டேன்னு அவ நெனைப்பா."

அன்றைக்கு அவர்கள் மட்டும் அல்ல. ராத்திரியில் மூச்சு இழுக்கும் ஒரு கிழவி இன் ஜன்னலில் நின்றுகொண்டிருந்தாள். காலை, மதியம், மாலை எல்லாம் இன் ஜன்னல்தான், ஆனால் ராத்திரி மட்டும் மணியோடு சேர்ந்து அட் ஜன்னலுக்குப் போய்விட்டது என்றார்கள். ஏன் என்று கேட்டாள். "இங்கிலீஷ்" என்று பதில் வந்தது. சனி ஞாயிறில் நோய் வந்தவர்களின் பாடு இன்னும் மோசம். வார இறுதிக்கு லண்டனில் ஒரு முன்னிடைச்சொல்லும் நியூயார்க்கில் வேறொன்றும் போடுகிறார்களாம். இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒரு முடிவு வரும்வரை சனி ஞாயிறு நோய்களை ஏற்பதில்லை என்று துறை அறிவித்திருந்தது.

தேங்காய் வெட்டும்போது விரலையும் சேர்த்து வெட்டிக்கொண்ட ஒருவன் சட்டையைச் சுற்றிய கையோடு ஓடி வந்து, "டுடே! டுடே!" என்று மூன்று ஜன்னலிலும் கத்தினான். மூன்றும் அவனைப் பார்த்தன.

"இன்னைக்கு ஜன்னல் கிடையாதுப்பா" என்றான் வாஸ்கார், கொஞ்சம் வருத்தத்தோடுதான். "இன்னைக்கு, நாளைக்கு, நேத்து மூணுக்கும் முன்னால ஒண்ணும் வராதாம். வராததுக்கு எப்படி ஜன்னல் கட்டுறது? ஒரு கிழமையாப் பாத்துச் சொல்லு."

அவன் விரலைத் தூக்கிப் பிடித்தபடியே வீட்டுக்குப் போனான். தொமித்தீலாவின் நீல டோக்கனைப் பறித்துக்கொண்டு அவளையும் லுதோவினோவையும் துறை நடத்தும் ஆங்கில வகுப்பில் சேர்த்தார்கள். வகுப்பில் தேறினால் மூன்று டோக்கனும் மொத்தமாகக் கையில் கிடைக்கும், தேறும்வரை நாள் கிடையாது.

வகுப்பெடுத்தது துறைத் தலைவி யோகாஸ்தா. பட்டம் வாங்கியவள் என்பதால் எல்லோரும் அவளை லிசென்சியாதா என்றுதான் அழைக்க வேண்டும். நியூ ஜெர்சியில் அத்தை வீட்டில் நான்கு மாதம் இருந்தவள். அங்கே வெளியே போகாமல் அத்தையின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று ஊரில் பேச்சு. காலியான பிரசவ வார்டில் வகுப்பு நடந்தது. பிரசவங்கள் ஏனோ சொன்ன கிழமையில் நடக்காததால் அந்த வார்டை மூடியிருந்தார்கள்.

"கவனிங்க! இங்கிலீஷ்காரன் நாளு மேல ஏறி நிக்கிறான். ஆன்!" என்று உள்ளங்கையைத் தலைமேல் வைத்துக் காட்டினாள். "மாசத்துக்குள்ள புகுந்து உக்கார்றான். இன்!" என்று மூடிய கையை மறு கைக்குள் நுழைத்தாள். "மணியப் பாத்து விரல நீட்டுறான். அட்! நாம என்ன பண்றோம்? நாளு நம்ம மேல ஏறி மிதிக்குது. அதான் நமக்கும் அவனுக்கும் வித்தியாசம். எங்க, எல்லாரும் செய்யுங்க."

காசநோய்க்காரர்களும் கால் வெட்டப்பட்டவர்களும் நீரிழிவுக்காரர்களும் தலைமேல் கைவைத்து "ஆன் மண்டே, ஆன் ட்யூஸ்டே" என்று கோரஸாகச் சொன்னார்கள். லுதோவினோ ஒரு கையைத் தலையிலும் ஒரு கையை அடிவயிற்றிலும் வைத்துச் சொன்னான். இரண்டாவது கை எதற்கு என்று கேட்டு அவனுக்கு ஒரு மதிப்பெண் குறைத்தாள் யோகாஸ்தா.

திங்கட்கிழமை ஒரு வெள்ளைக்காரரைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். அமெரிக்கர், அறுபது வயசிருக்கும். விடுதிப் படியில் விழுந்து இடுப்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியே பரபரப்பானது. இவருக்காகத்தானே இவ்வளவும். டாக்டர் பிச்சார்தோ டை கட்டிக்கொண்டு ஓடி வந்தார். யோகாஸ்தா குனிந்து, எப்போது விழுந்தார் என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"சண்டே!" என்று முனகினார் அவர். "ஐ ஃபெல் சண்டே!"

யோகாஸ்தாவின் முகம் மாறியது. "ஆன் சண்டே, சார்."

"வாட்? சண்டே! சண்டே!"

"ஆன். ஆன் சண்டே."

அவர் வலியில் அலறினார். அலறலிலும் முன்னிடைச்சொல் இல்லை. தலைமேல் கையை வைத்துச் செய்துகாட்டினாள். அவர் தன் தலையிலும் அடிபட்டிருக்கிறது போலும் என்று பயந்து மயக்கமானார். கடைசியில் அவர் நண்பர்கள் வந்து விமான நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். டாக்டர் பிச்சார்தோ கொஞ்சமும் தளரவில்லை. அன்று மாலையே முற்றத்தில் பேசினார்.

"இன்று நாம் கண்ணால் பார்த்தோம். அமெரிக்கர்கள் தங்கள் மொழியையே கைவிட்டுவிட்டார்கள். பரவாயில்லை. ஆங்கிலத்தை அமெரிக்கா கைவிட்டாலும் கான்யோ துல்சே கைவிடாது!"

'எட்டு நாள்' என்பதை எண்ணும் பாடமும் அந்தத் திங்கட்கிழமைதான் நடந்தது. மற்றதெல்லாம் மறந்தாலும் அது தொமித்தீலாவுக்கு மறக்கவில்லை.

"நம்ம ஊர்ல 'இன்னையிலேர்ந்து எட்டு'ன்னா என்ன?" என்று கேட்டாள் யோகாஸ்தா.

"ஒரு வாரம்!" என்று வகுப்பே சொன்னது.

"செவ்வாக்கிழமை சொன்னா?"

"அடுத்த செவ்வா!"

"வாரத்துக்கு எத்தனை நாளு?"

"ஏழு."

"அப்ப எட்டாவது எங்கேர்ந்து வந்துச்சு? யாரு வீட்டுலேர்ந்து கடன் வாங்கினீங்க?"

லுதோவினோதான் வாயைத் திறந்தான். "இன்னைக்கையும் சேத்து எண்றோம் லிசென்சியாதா. இன்னைக்கும் ஒரு நாளுதானுங்களே?"

"அதான் நோயே!" மேசையைத் தட்டினாள். "பாதி தின்னு முடிச்ச நாள முழுசா எண்றது! இங்கிலீஷ்காரனுக்கு இன்னைக்கு கணக்குல கிடையாது. நாளையிலேர்ந்துதான் ஒண்ணு. அவன் எட்டுன்னா எட்டு. செவ்வா சொன்னா புதன். இனிமே இந்தக் கட்டடத்துக்குள்ள நம்ம ஊரு எட்டு எண்ணினவங்களுக்கு டோக்கன் பறிமுதல்!"

தொமித்தீலா அதை மனப்பாடம் செய்தாள். யானிகேக்கே மாவைத் தட்டும்போதும் தட்டிக்கொண்டே எண்ணினாள். அவளுக்கு ஆங்கிலம் வேண்டாம், முத்திரை வேண்டாம், இந்த மனுஷனின் வயிற்றைத் தைத்துக் கொடுத்தால் போதும். அதற்கு இதுதான் வழி என்றால் இதையும் கற்றுவிட்டுப் போகிறேன் என்று இருந்தாள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை தேர்வு. தலையில் கை, கைக்குள் கை, விரல் நீட்டல் எல்லாம் பிழையில்லாமல் செய்தாள். 'அட் நைட்' என்பதையும் சொல்லிவிட்டாள். கைதட்டினார்கள். மூன்று டோக்கனும் கைக்கு வந்தன. டாக்டர் லந்தெஸ்தோயை அறுவை அறையிலிருந்து இழுத்து வந்து, விதிப்படி ஆங்கிலத்தில் நாள் சொல்லச் சொன்னார்கள். அவர் கையுறையைக் கழற்றாமலேயே சொன்னார்.

"யுவர் ஆபரேஷன் இஸ் இன் எய்ட் டேஸ். இன் தி மார்னிங்."

"அருமை டாக்டர்!" என்றாள் யோகாஸ்தா. "ரெண்டு 'இன்'னும் அந்தந்த இடத்துல கச்சிதம்."

டாக்டர் திரும்ப உள்ளே ஓடிவிட்டார். எந்த நாள் என்று யாரும் கேட்கவில்லை. முன்னிடைச்சொல் சரியாக இருந்ததால் கேட்க வேண்டியதாக யாருக்கும் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து, மசித்த வாழைக்காயும் வெங்காயமும் வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தபோதுதான் பேச்சு வந்தது.

"அடுத்த செவ்வாதான்" என்றான் லுதோவினோ. "அந்தாளு செவ்வாயில மட்டுந்தானே வர்றாரு. இதுல என்ன எண்ண வேண்டியிருக்கு?"

"எனக்கும் அப்படித்தான் தோணுது. ஆனா எட்டுன்னாரே. இங்கிலீஷ்ல சொன்னாரே."

"நம்ம ஊருக்காரருதானே சொன்னாரு."

"யோவ், செவ்வா போய் நின்னு டோக்கனப் புடுங்கிட்டாங்கன்னா? மறுபடியும் தலையில கைய வச்சுக்கிட்டு நிப்பியா?"

சந்தேகம் என்றால் கேட்டுவிடுவதுதானே நல்லது. மறுநாளே போய் யோகாஸ்தாவிடம் கேட்டாள்.

"டாக்டர் எந்த மொழியில சொன்னாரு?"

"இங்கிலீஷ்லங்க."

"அப்ப அடுத்த புதன். இதுல சந்தேகமே இல்ல."

"டாக்டரு செவ்வாயில மட்டுந்தானே வர்றாருங்க?"

"டாக்டர் என்னைக்கு வர்றாருங்கறது டாக்டரோட விஷயம். எட்டுன்னா எத்தனைங்கறது இங்கிலீஷோட விஷயம். நீங்க தேறினவங்க. தேறினவங்களே செவ்வாயில வந்து நின்னீங்கன்னா மத்தவங்க என்ன ஆவாங்க?"

அந்தச் செவ்வாய் வந்தது. தொமித்தீலா கடற்கரைக்குப் போய் அடுப்பு மூட்டினாள். லுதோவினோ வீட்டில் படுத்திருந்தான். மத்தியானம் புடைப்பு வெளியே வந்தது. உள்ளங்கையால் அழுத்தினான். போகவில்லை. வழக்கம்போல் திட்டினான், கெஞ்சினான். போகவில்லை. அவள் வந்து பார்த்தபோது அது கல்லாக இறுகி, தொட்டாலே உயிர் போவதுபோல் வலித்தது.

"நாளைக்குத்தானே ஆபரேஷன்" என்றான் அவன். "ஒரு நாளுதானே. நாளைக்கு வெட்டித் தச்சுடுவாங்க."

"ஆமா. நாளைக்குத்தான்" என்றாள் அவள். பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை, அறுவைக்கு முன்னால் கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

புதன் காலை பைக் டாக்ஸியில் அவனை நடுவில் உட்கார வைத்து, பின்னாலிருந்து கட்டிப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். வாஸ்கார் நாற்காலியை விட்டு எழுந்தான்.

"எங்கக்கா போயிட்டீங்க? நேத்து முழுக்க உங்க பேரத்தான் கூப்பிட்டாங்க! டாக்டரு பத்து மணி வரைக்கும் கையக் கழுவிட்டு நின்னாரு. சாயங்காலம் தலைநகருக்குப் போயிட்டாரே!"

"இன்னைக்குத்தானே எட்டு?" என்றாள் தொமித்தீலா. "லிசென்சியாதாவே சொன்னாங்களே!"

விஷயம் மேலே போனது. டாக்டர் பிச்சார்தோ உடனே விசாரணைக் குழுவைக் கூட்டினார். உடனே என்றால், காபி வந்த பிறகு. தொமித்தீலாவை உள்ளே நிற்க வைத்தார்கள். லுதோவினோ வெளியே பெஞ்சில் முழங்காலை வயிற்றோடு மடக்கிப் படுத்திருந்தான். அவன் வாந்தி எடுப்பது கதவுக்கு இப்பால் கேட்டது.

"நோயாளி தரப்பு எட்டைச் சரியாக எண்ணியிருக்கிறது" என்று ஆரம்பித்தார் இயக்குநர். "துறைக்கு இது பெருமை. டாக்டர் லந்தெஸ்தோயின் வாக்கியத்திலும் பிழை இல்லை, இரண்டு 'இன்'னும் சரி. லிசென்சியாதா விளக்கியதும் சரி. எல்லோருமே சரியாக இருக்கும்போது தவறு எங்கே? நான் நன்றாக யோசித்துவிட்டேன். தவறு செவ்வாய்க்கிழமையுடையது. அது ஒரு நாள் முன்னதாக வந்துவிட்டது."

குழு தலையாட்டியது. ஒருவர் அதை வழிமொழிந்தார்.

"ஐயா, அவரு வெளியில சாகக் கெடக்குறாரு!" என்று கத்தினாள் தொமித்தீலா. "யாராச்சும் ஒரு டாக்டர வரச் சொல்லுங்க. வெட்ட வேணாம், பெரியாஸ்பத்திரிக்காவது அனுப்புங்க!"

"அனுப்பலாம். எப்போது என்கிறீர்கள்?"

"இன்னைக்கு! இப்ப! டுடே!"

டாக்டர் பிச்சார்தோ யோகாஸ்தாவைப் பார்த்தார். யோகாஸ்தா மேசையைப் பார்த்தாள்.

"ஜன்னல் மூலமாக வரட்டும்" என்றார் இயக்குநர் கடைசியில்.

தொமித்தீலா ஓடினாள். ஆன் ஜன்னலில் "ஆன் டுடே" என்றாள். "அப்படி ஒரு இங்கிலீஷே இல்ல" என்று பலகையைச் சாத்தினார்கள். இன் ஜன்னலில் "இன் டுடே" என்றாள், சாத்தினார்கள். அட் ஜன்னலில் முழங்கையை உள்ளே விட்டுப் பலகையைத் தடுத்துக்கொண்டு, "அட் டுடே, அட் டுடே, என்ன வேணா வச்சுக்கோங்க, எதையாச்சும் முன்னால போட்டுக்கோங்க" என்று அழுதாள். உள்ளே இருந்தவளுக்கும் கண் கலங்கியது. "நான் என்னக்கா பண்ணுவேன், தப்பாக் குடுத்தா என் வேலை போயிரும்" என்றபடி, தொமித்தீலாவின் முழங்கையை மெதுவாக வெளியே தள்ளிவிட்டுப் பலகையை இறக்கினாள்.

வாஸ்கார் ஆம்புலன்ஸ் கொட்டகைக்கு ஓடினான். வண்டி இருந்தது, டீசலும் இருந்தது. ஓட்டுநர் 'லாஸ்ட் மண்டே'க்கு முன்னால் ஆன் போட்டதற்காக வகுப்பறையில் அடைபட்டிருந்தார், சாவியும் அவரிடம் இருந்தது. வாஸ்கார் தன் போனிலிருந்து தேங்காய் லாரி ஆட்களைக் கூப்பிட்டான். அவர்கள் பாதி ஏற்றிய மூட்டைகளோடு வந்தார்கள். நான்கு பேர் லுதோவினோவைத் தூக்கி மூட்டைகளுக்கு நடுவில் படுக்க வைத்தபோது அவன் தொமித்தீலாவைப் பார்த்தான்.

"நான் அப்பவே சொன்னேன்ல கிழவி" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. "நம்ம ஊருக்காரருதானேன்னு."

லாரி கேட்டைத் தாண்டவில்லை. தூக்கியவர்களே முதலில் கவனித்துத் தொப்பியைக் கழற்றினார்கள்.

டாக்டர் பிச்சார்தோ வெளியே வந்தார். இப்படிப்பட்ட நேரங்களில் ஒரு நிறுவனம் தன் மனிதத்தன்மையைக் காட்ட வேண்டும் என்று மாநாட்டில் சொல்லியிருந்தார்கள். தொமித்தீலாவின் தோளில் கைவைத்தார்.

"அம்மா, எங்கள் ஆழ்ந்த அனுதாபம். இறப்பைப் பதிய வேண்டும் அல்லவா? ஆனால் அவசரப்பட வேண்டாம். இன்றைக்கு வந்தால் இன்று இறந்தார் என்று சொல்வீர்கள். நாளைக்கு வந்தால் நேற்று இறந்தார் என்பீர்கள். இரண்டுக்கும் எங்களிடம் வசதி இல்லை. வெள்ளிக்கிழமை வாருங்கள். அப்போது தைரியமாக 'ஆன் வெட்னஸ்டே' என்று சொல்லலாம். நீங்கள் சரியாகச் சொல்வீர்கள் என்று எனக்கு நம்பிக்கை இருக்கிறது. அதுவரைக்கும் எங்கள் கணக்கில் அவர் சாகவில்லை." குரலைக் கொஞ்சம் தாழ்த்தினார். "முத்திரைக்காரர்கள் நாளைக்கு வருகிறார்கள். இந்த மாதம் எங்களிடம் ஒரு சாவுகூட இல்லை."

தொமித்தீலா அவர் கையைத் தோளிலிருந்து எடுத்து, அழுக்குத் துணியை எடுத்துப் போடுவதுபோல அப்பால் போட்டாள். பிறகு லாரியில் ஏறி, புருஷனின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

லாரி அவர்கள் தெருவுக்குள் நுழைந்தபோது கடைக்காரர் ரேடியோவை நிறுத்தினார். டோமினோ ஆடிக்கொண்டிருந்தவர்கள் எழுந்தார்கள். பெண்கள் ஓடி வந்து லாரியைச் சுற்றிக்கொண்டார்கள். யாரோ நாற்காலிகளை வெளியே போட்டார்கள், யாரோ காபிக்குத் தண்ணீர் வைத்தார்கள். பக்கத்து வீட்டு மெலானியா தொமித்தீலாவை இறக்கிவிட்டு, கட்டிப் பிடித்து அழுதுவிட்டு, கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

"அடக்கம் எப்போ?"

தொமித்தீலா வாயைத் திறந்தாள். அழுகை வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். வந்தது அழுகை இல்லை.

"ஆன்..." என்றாள்.

அவளுக்கே அது கேட்டது. வலது கை தன்பாட்டுக்குத் தலைமேல் போய் உட்கார்ந்திருந்தது. மெலானியா புரியாமல் பார்த்தாள். துக்கத்தில் தலையில் கை வைத்துக்கொள்கிறாள் என்று நினைத்து மற்ற பெண்களும் தலையில் கை வைத்துக்கொண்டு ஒப்பாரியை ஆரம்பித்தார்கள்.